பம்பரில் ஸ்க்ரூ ஓட்டை: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருந்துறைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் கார் பம்பர் பழுது பார்ப்பது என் வேலை. முன்பெல்லாம் உடைந்த பம்பர்தான் அதிகம் வரும். இப்போது ஓட்டை விழுந்த பம்பரும் அதற்குச் சமமாக வருகிறது. பழைய நம்பர் பிளேட்டை எடுத்துவிட்டு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் மாட்டியவர்கள், பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பான கிராஷ் கார்டைக் கழற்றியவர்கள், கட்சிக் கொடிக் கம்பியை எடுத்தவர்கள், கூடுதல் விளக்கு மாட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். எல்லோருக்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

"நம்பர் பிளேட் மாத்துனதுல ரெண்டு ஓட்டை நிக்குதுங்க. அப்படியே உட்டுட்டா என்னங்க ஆகும்?"

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நாம் வெளியே பார்க்கும் பம்பர் ஒரு பிளாஸ்டிக் உறைதான். இடியைத் தாங்குகிற சட்டம் அதற்குப் பின்னால் தனியாக இருக்கிறது. கிரில் வழியாக ஏற்கெனவே காற்றும் மழையும் உள்ளே போய்வருகின்றன. 5 மில்லிமீட்டர் ஓட்டை வழியாகப் புதிதாக எந்தக் கேடும் நுழையப் போவதில்லை. பிளாஸ்டிக் துருப்பிடிக்கவும் பிடிக்காது.

ஆனால் ஓட்டையின் விளிம்பை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். டிரில் போட்டு எடுத்த வட்ட ஓட்டை பல வருடம் அப்படியே கிடக்கும். டிரில் போடாமல் ஸ்க்ரூவையே வைத்து அழுத்தித் திருகியிருந்தால், விளிம்பிலிருந்து முடி மாதிரி ஒரு கீறல் கிளம்பியிருக்கும். நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டுப்படும். அந்தக் கீறல் வெயிலிலும் அதிர்விலும் நீளும். அப்படி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். உடனே பட்டறைக்கு வர முடியாவிட்டால், கீறல் முடிகிற நுனியில் 3 மில்லிமீட்டர் டிரில் ஒன்று போட்டுவையுங்கள். கூர்மையான நுனி வட்டமாகிவிட்டால் கீறல் அதற்கு மேல் ஓடாது.

"முன்னால சதுரமா ஒரு ஓட்டைங்க. மூடி எங்கியோ உழுந்துபோச்சு. அதையும் சேத்து அடைச்சுக் குடுத்துருங்க."

அதை அடைக்கவே கூடாது. வண்டி நின்றுபோனால் கட்டி இழுப்பதற்கான கொக்கியைத் திருகும் வழி அது. கொக்கி டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி இருக்கும் இடத்தில் இருக்கும். மூடி மட்டும் தனியாகக் கிடைக்கும். உங்கள் வண்டி மாடலையும் நிறத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

அதே போல பம்பரின் அடிப்பக்கம் வரிசையாக இருக்கும் சின்ன ஓட்டைகள் தண்ணீர் வடிவதற்கும் கிளிப் மாட்டுவதற்கும் கம்பெனியே விட்டவை. அவற்றையும் விட்டுவிடுங்கள்.

"பெயிண்ட் கியிண்ட் வேண்டாமுங்க. சும்மா மூடுறாப்புல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இருக்கிறது. பல பேருக்கு அதுவே போதும் என்பதுதான் என் அபிப்பிராயம். ஸ்பேர்ஸ் கடைகளில் பம்பர் கிளிப் என்று கேட்டால், தலை வட்டமாக, கால் பிளந்து இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் கிடைக்கும். ஓட்டையின் அளவை அளந்து, அதைவிட அரை மில்லிமீட்டர் தடித்த காலுள்ளதாக வாங்கி அமுக்கினால் நின்றுவிடும். கிராமெட் என்று விற்கும் ரப்பர் மூடியும் வைக்கலாம். ஒரு ஓட்டையில் மட்டும் வைத்தால் கண்ணை உறுத்தும். இரண்டு பக்கமும் சம தூரத்தில் வைத்தால் கம்பெனி வேலை மாதிரியே தெரியும்.

ஓட்டை நம்பர் பிளேட்டை ஒட்டியே இருந்தால் பிளேட்டைச் சுற்றி ஒரு ஃபிரேம் மாட்டிவிடலாம். ஒற்றை வரி முன் பிளேட்டின் அளவு 500 க்கு 120 மில்லிமீட்டர். ஃபிரேம் அதைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும் என்பதால் விளிம்போரத்து ஓட்டை மறைந்துவிடும். எழுத்தையும் எண்ணையும் ஃபிரேம் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்ற வண்டி பம்பர் பெயிண்டே இல்லாத கருப்புங்க. அதுல ஓட்டை தெரியாம பண்ணித் தருவீங்களா?"

முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கருப்புப் பம்பரில் தோல் மாதிரி ஒரு சொரசொரப்பு இருக்கும். அச்சிலேயே வார்த்து வருவது அது. ஓட்டையை அடைத்துத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் வழவழவென்று காசு அளவுக்குத் தனியாகத் தெரியும். ஓட்டையை விட அதுதான் அசிங்கமாக இருக்கும். முந்தின பதிலில் சொன்ன கருப்புக் கிளிப்தான் இதற்குச் சரி.

"டிங்கர் கடையில பட்டி வெச்சுத் தேச்சுக் குடுத்துருவாங்களே. அதுக்கு ஏனுங்க இத்தனை வேலை?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். நம் ஊர்ப் பக்கம் பட்டி வேலையில் கை தேர்ந்தவர்களுக்குக் குறைவில்லை. கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி என்று தகரத்தோடு புழங்கிய கைகள் அவை. தகரத்தில் பட்டி நன்றாகப் பிடிக்கும், பல வருடம் நிற்கும். அதே கை அதே பட்டியை பிளாஸ்டிக் பம்பரில் வைக்கும்போதுதான் தவறுகிறது. தவறு கையில் இல்லை, பொருளில் இருக்கிறது.

இன்றைய பம்பர்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கோடு ரப்பர் தன்மையுள்ள பொருளைக் கலந்து செய்தவை. அதன் மேற்பரப்பில் எதுவும் எளிதில் ஒட்டாது. தாமரை இலையில் தண்ணீர் நிற்கிற மாதிரிதான் பட்டியும் பசையும் அதன் மேல் நிற்கும். அது மட்டுமில்லை. வெயில் பட்டால் இந்தப் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு நீளும். ஒன்றரை மீட்டர் பம்பர், மார்கழி விடியலுக்கும் மதிய வெயிலுக்கும் இடையில் சில மில்லிமீட்டர் கூடிக் குறையும். கையால் அமுக்கினால் உள்ளே போய் வெளியே வரும். தகரத்துக்கான பட்டி காய்ந்தால் கல் மாதிரி. அது வளையாது, நீளாது. ஆகவே விளிம்பில் முதலில் வட்டமாக ஒரு கோடு விழும், பிறகு வில்லையாகக் கழன்று வந்துவிடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் இதை நான் அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மாமா வண்டியில் இரண்டு ஓட்டைக்கு எபாக்சி பசை வைத்து, மேலே பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்துக் கொடுத்தேன். பார்க்க அருமையாக இருந்தது. அவர் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி மைசூர் போய்த் திரும்பி வந்தபோது ஒரு ஓட்டையில் பட்டியே இல்லை, இன்னொன்றில் ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஓட்டையை அதே பிளாஸ்டிக்கால் உருக்கி மூடாமல் மேலே எதையும் வைப்பதில்லை.

"ஃபெவிகுவிக்கும் சமையல் சோடாவும் போட்டா கல்லாட்டம் ஆயிருதாமா? வீடியோவுல பாத்தேனுங்க."

கல்லாட்டம் ஆவது உண்மை. ஆனால் அந்தக் கல் பம்பரில் ஒட்டுமா என்பதுதான் கேள்வி. பட்டிக்குச் சொன்ன காரணமெல்லாம் இதற்கும் பொருந்தும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்த கிரில் துண்டு போன்றவற்றுக்கு அந்த வித்தை ஓரளவு உதவும். பம்பருக்கு வேண்டாம்.

"பி.பி.யா ஏபிஎஸ்ஸானு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

பம்பரின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு அம்புக்குறி அடைப்புக்கு நடுவில் எழுத்து வார்த்திருக்கும். பி.பி. என்றால் பாலிபுரொப்பிலீன். அதோடு ஈ.பி.டி.எம். என்று சேர்ந்திருந்தால் ரப்பர் கலந்தது. டி20 என்று கடைசியில் இருந்தால் 20 சதவீதம் டால்க் தூள் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஏபிஎஸ் என்று இருந்தால் ஓட்டையில் உருக்கி நிரப்பும் பிளாஸ்டிக் குச்சியும் வேறு, வேலையும் வேறு.

தண்ணீரில் போட்டால் பி.பி. மிதக்கும் என்று சொல்வார்கள். சுத்தமான பி.பி. மிதக்கும்தான். ஆனால் டால்க் அதிகம் கலந்தது முங்கிவிடும், அதனால் பம்பருக்கு அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். எழுத்து கிடைக்காவிட்டால் நான் செய்வது இதுதான்: பம்பருக்கு உள்பக்கம் மறைவாக இருக்கும் இடத்தில் பி.பி. குச்சியின் நுனியை உருக்கி ஒட்டி, நன்றாக ஆறியபின் இடுக்கியால் பிடித்து இழுப்பேன். குச்சி அறுந்து ஒட்டிய இடம் அப்படியே நின்றால் அதே ஜாதி. சுத்தமாகப் பெயர்ந்து வந்தால் வேறு.

"வீட்ல சால்டரிங் அயர்ன் இருக்குதுங்க. நானே பண்ணிப்போடலாமுங்களா?"

பண்ணலாம். அவசரப்படாத ஆளாக இருந்தால் நன்றாகவே வரும். முதலில் பம்பரை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பெட்ரோலால் துடைக்க வேண்டாம், எண்ணெய்ப் பசை நிற்கும். ஸ்க்ரூ ஏறின ஓட்டையைச் சுற்றி ஒரு மேடு எழும்பியிருக்கும். அதைப் பிளேடால் சீவிவிடுங்கள். பிறகு ஓட்டையைவிட இரண்டு மடங்கு பெரிய டிரில் பிட்டைக் கையிலேயே பிடித்து, முன்னும் பின்னும் விளிம்பைப் புனல் மாதிரி சரிவாகச் சுரண்டுங்கள். உருகிய பிளாஸ்டிக் பிடித்து நிற்க இடம் வேண்டும், அதற்காகத்தான் இது. இதைச் செய்யாமல் விட்டவர்கள் வேலைதான் திரும்பி வருகிறது.

குச்சி கிடைக்கவில்லையென்றால் பம்பரின் உள்மடிப்பில் எங்கும் தெரியாத இடத்தில் ஒரு கீற்று வெட்டி எடுங்கள். அதைவிடப் பொருத்தமான குச்சி உலகத்தில் இல்லை. பின்பக்கம் இருந்து தொடங்குங்கள். அயர்ன் நுனியால் விளிம்பை முதலில் உருக்கி, அது பளபளவென்று ஆனதும் குச்சியை அதிலேயே உருக்கி, இரண்டையும் பிசைந்து கலக்க வேண்டும். குச்சியை மட்டும் உருக்கி ஓட்டையில் ஊற்றினால் ஆறியதும் தக்கை மாதிரி கழன்று வரும். பி.பி. 160 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே உருகிவிடும். புகை வந்தால் சூடு அதிகம், பிளாஸ்டிக் கருகுகிறது என்று அர்த்தம். கருகினது பலமில்லாதது, அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். சூட்டுக்காற்று கன் வைத்திருந்தால் வாயில் சுமார் 300 டிகிரி வைத்துக்கொள்ளலாம். அறைக்குள் செய்யாதீர்கள், புகையை முகர வேண்டாம்.

பின்பக்கம் ஆறியதும் முன்பக்கம் அதே மாதிரி நிரப்பி, தட்டையாக இல்லாமல் லேசாக மேடாக விடுங்கள். முழுதாக ஆறிய பின் பிளேடால் மேட்டைச் சீவி, 80ஆம் நம்பர் உப்புத்தாள், 180, 320 என்று கையாலேயே தேய்க்க வேண்டும். மிஷின் வைத்து வேகமாகத் தேய்த்தால் சூடேறி நார் நாராக எழும்பிவிடும். எழும்பினால் பதற வேண்டாம், புது பிளேடால் மெல்லச் சீவினால் போகும்.

"அப்ப பட்டியே வேண்டாமுங்களா?"

பிளாஸ்டிக்குக்கென்றே வளையும் பட்டி இருக்கிறது. மேலே சொன்ன மாதிரி ஓட்டையை உருக்கி மூடிய பிறகு, மிச்சமிருக்கும் ஊசித்துளைகளுக்கும் குழிவுக்கும் அதைத் தாள் கனத்துக்கு இழுக்கலாம். அதற்கு முன்னால் பிளாஸ்டிக் பிரைமர் என்று விற்கும், கண்ணுக்கே தெரியாத மாதிரி இருக்கும் தண்ணித் திரவத்தை ஒரு கோட் அடிக்க வேண்டும். பெயிண்டும் பட்டியும் பி.பி.யில் பிடிப்பது அதனால்தான். சில பெயிண்டர்கள் இதைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடுவார்கள். பக்கத்தில் நின்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. வாட்டர் வாஷ் போடும்போது பெயிண்ட் தோல் தோலாக உரிந்த பம்பர்களில் பெரும்பாலும் இந்த ஒரு கோட்தான் இல்லாமல் இருந்திருக்கிறது.

"பம்பரைக் கழட்டித்தான் ஆகோணுங்களா? கழட்டுனா கம்பெனி ஃபிட்டிங் போயிருமே."

பின்பக்கம் கை போனால் கழற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான வண்டிகளில் போகாது. முன்பக்கம் மட்டும் உருக்கி மூடினால் பாதி வேலைதான். சக்கரத்துக்கு மேல் இருக்கும் ஸ்க்ரூக்கள், மேலேயும் கீழேயும் கிளிப்புகள், ஃபாக் லேம்ப் ஒயர், இவ்வளவுதான். பொறுமையாகக் கழற்றினால் ஃபிட்டிங் போகாது. உடைகிற கிளிப்புகளுக்குப் பதில் புதுசு போட்டுவிட வேண்டும், அதுதான் முக்கியம்.

இதில் நம்பர் பிளேட் ஒரு சிக்கல். 2019 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த வண்டிகளில் கம்பெனியே உயர் பாதுகாப்பு பிளேட் போட்டுத் தருகிறது. அதன் பூட்டு ஒரு தடவை மாட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடியும். ஓட்டை பிளேட்டுக்கு வெளியே இருந்தால் பிளேட்டோடு சேர்த்தே பம்பரைக் கழற்றிவிடலாம். பூட்டை உடைத்தே தீர வேண்டும் என்றால், மறுபடி அதைப் போட்டுத்தர டீலரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாதா ஸ்க்ரூ போட்டு ஓட்டாதீர்கள்.

"ஓட்டை இருக்கற எடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சாப் பத்தாதுங்களா?"

சாதா வெள்ளை, சாதா சிவப்பு என்றால் அந்த இடத்தைச் சுற்றி மட்டும் அடித்து, ஓரத்தை மங்கலாக இழுத்துவிடப் பார்க்கலாம். சில்வர், மெட்டாலிக், முத்து வெள்ளை என்றால் முழுப் பம்பரும் அடித்தால்தான் நன்றாக இருக்கும். அந்த நிறங்களில் இருக்கும் மினுமினுப்புத் துகள்கள், ஸ்ப்ரே கன்னை எவ்வளவு தூரத்தில் பிடித்தார்கள் என்பதைப் பொறுத்துக்கூட வேறு நிறமாகத் தெரியும். பெயிண்ட் குறியீடு வண்டியிலேயே கதவுத் தூணிலோ எஞ்சின் பகுதியிலோ ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள். அப்படியும் பல வருடம் வெயிலில் நின்ற வண்டிக்குக் கொஞ்சம் மாறும்.

இன்னொரு விஷயம், நானே வீட்டில் அடித்துவிடுகிறேன் என்பவர்களுக்கு. கெட்டியாவதற்கு ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்டில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியது. துணியைக் கட்டிக்கொண்டு அடிப்பது பாதுகாப்பு இல்லை. தயவுசெய்து அந்த வேலையை அதற்கான முகமூடியும் இடமும் இருப்பவர்களிடம் விட்டுவிடுங்கள்.

"ஆடி மாசம் பெயிண்ட் அடிக்க வேண்டாம்னு சொல்றீங்களே, அது சாஸ்திரமுங்களா?"

காற்றுக்காகச் சொல்வது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பழமொழியே இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, பல்லடம், தாராபுரம் என்று நம் பக்கம் முழுக்க மண்ணை வாரிக்கொண்டு போகிற சமயம் அது. திறந்தவெளியில் பெயிண்ட் அடித்தால் தூசி அத்தனையும் ஈரப் பெயிண்டில்தான் வந்து உட்காரும். மூடிய அறை உள்ள பட்டறையில் ஆடியிலும் அடிக்கலாம். ஐப்பசி அடைமழையில் மட்டும் நானே தள்ளிப்போடச் சொல்வேன், ஈரக்காற்றில் பெயிண்ட் மங்கிப்போக வாய்ப்பு உண்டு.

"கிராஷ் கார்டு கழட்டுனதுங்க. ஸ்க்ரூ ஓட்டை இல்ல, கையே நுழையற அளவுக்கு வெட்டிப்போட்டிருக்காங்க."

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டு மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. அதற்குப் பிறகு கழற்றிய வண்டிகள் நிறைய. கழற்றியது நல்ல காரியம்: கிராஷ் கார்டு இடிக்கும் விசையை நேராக வண்டியின் இரும்புச் சட்டகத்துக்குக் கடத்தி ஏர்பேக் வேலை செய்வதையே குழப்பும், நடந்து போகிறவர்களுக்கும் ஆபத்து.

இந்த அளவு வெட்டுக்குச் சால்டரிங் அயர்ன் மட்டும் போதாது. பழைய பம்பர் ஒன்றிலிருந்து அதே பிளாஸ்டிக்கில் துண்டு வெட்டிப் பொருத்தி, பின்பக்கம் துருப்பிடிக்காத கம்பி வலையை உருக்கிப் பதித்து, சுற்றிலும் வெல்டு வைக்க வேண்டும். வெட்டு சமதளத்தில் இருந்தால் செய்யலாம். வளைவில், விளிம்பில் இருந்தால் பழுது பார்க்கும் கூலியும் பெயிண்டும் சேர்ந்து புது உறையின் விலையை எட்டிப்பிடிக்கும். அப்போது மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். இரண்டு மூன்று ஸ்க்ரூ ஓட்டைக்காகப் பம்பரை மாற்றுவது மட்டும் எனக்கு மனசே ஒப்பாது. கம்பெனி அடித்த நல்ல பெயிண்டோடு ஒரு முழுப் பம்பரைக் குப்பைக்கு அனுப்புகிறோம்.

"இன்சூரன்ஸ்ல போட்டுறலாமுங்களா?"

நாமே போட்ட ஓட்டை விபத்துச் சேதம் ஆகாது. அதை விபத்து என்று எழுதித் தரச் சொல்லி என்னிடமும் கேட்கிறார்கள், நான் தருவதில்லை. உண்மையான இடியில் பம்பர் போயிருந்தால் வேறு. அப்போதும் சாதா பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் கழித்துத்தான் தருவார்கள். கிளெய்ம் போட்டால், முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறியிருக்கும் நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடியும் போய்விடும். சின்னச் செலவுக்கு அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

"வண்டிய விக்கப் போறேனுங்க. ஓட்டைய அடைச்சுட்டா நல்ல விலை வருங்களா?"

கிளிப் வைத்துச் சுத்தமாகக் கொடுங்கள், போதும். புதுப் பெயிண்ட் அடித்த பம்பரைப் பார்த்தால் வாங்குகிறவருக்கு, எங்கே இடித்தார்களோ என்ற சந்தேகம்தான் வரும். அடைத்திருந்தால் நம்பர் பிளேட் ஓட்டை, அடைத்தேன் என்று சொல்லிவிடுங்கள். வாங்குகிறவர் பக்கம் இருந்தால், பம்பருக்குக் கீழே இரண்டு ஓரத்திலும் பெரிய ஓட்டை அல்லது ஒட்டு தெரிகிறதா என்று பாருங்கள். கிராஷ் கார்டு இருந்த அடையாளம் அது. உள்ளே சட்டத்தில் கூடுதல் டிரில் போட்டிருக்கிறார்களா என்று குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

"புது வண்டிங்க, முன்னால ரேடார் இருக்குது. ஓட்டை அதுக்கு நேரா உழுந்துருச்சு."

இதில் மட்டும் நான் கை வைப்பதில்லை. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் போடும் அந்த ரேடார் பம்பர் பிளாஸ்டிக்கின் ஊடாகத்தான் பார்க்கிறது. 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளமே சுமார் 4 மில்லிமீட்டர்தான். ஆகவே நடுவில் பட்டி, கூடுதல் பெயிண்ட், வெல்டு மேடு எது வந்தாலும் அதன் பார்வை மாறலாம். கம்பி வலை வைத்தால் மறைத்தே விடும். பல கம்பெனிகள் ரேடாருக்கு நேரே உள்ள பகுதியைப் பழுது பார்க்கவே கூடாது என்று சொல்கின்றன. சர்வீஸ் சென்டரில் காட்டி, அவர்கள் சொன்னால் உறையை மாற்றுங்கள். மாற்றினபின் ரேடாரைச் சரிபார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

"சரிங்க, இனி எதையாச்சும் மாட்டறதுன்னா எப்படிங்க மாட்டோணும்?"

நம்பர் பிளேட்டுக்குக் கம்பெனியே பம்பரில் இடம் குறித்திருக்கும், சில வண்டிகளில் பின்பக்கம் சின்னக் குழியாகத் தெரியும். அதிலேயே மாட்டச் சொல்லி, முடியும் வரை பக்கத்தில் நில்லுங்கள். ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் சின்ன பிட்டால் முதலில் டிரில் போட வேண்டும். துருப்பிடிக்காத ஸ்க்ரூ, அடியில் ரப்பர் வாஷர். வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு சுற்றுத் திருகினாலும் முதல் பதிலில் சொன்ன கீறல் அங்கேதான் பிறக்கும். கூடுதல் விளக்கு, கொடிக் கம்பி மாதிரி கனமானவற்றைப் பம்பர் உறையில் மாட்டவே வேண்டாம், உறை அந்த எடைக்குச் செய்ததில்லை.

ஸ்க்ரூவின் நீளத்தையும் பார்த்துவிடுங்கள். சில வண்டிகளில் உறைக்கு ஒட்டினாற்போலவே ஏசி கண்டென்சர் இருக்கிறது. பிளேட் மாட்டின நீள ஸ்க்ரூ, முன்னால் லேசாக ஒரு தட்டுத் தட்டியதில் உள்ளே போய்க் கண்டென்சரைக் குத்தி, ஏசி வாயு முழுவதும் போன வண்டியும் என்னிடம் வந்திருக்கிறது.